கை கழுவச் சொன்ன மருத்துவர்
(இரண்டாமாண்டு பி.எஸ்சி. விலங்கியல் மாணவி, வத்தல்மலை)

எங்கள் வத்தல்மலைக்குத் தார்ச்சாலை வராத காலத்தில், ஒரு பெண்ணுக்கு வலி கண்டு இரண்டு நாளாகியும் பிள்ளை பிறக்கவில்லையென்றால், போர்வையைக் கம்பில் தூளியாகக் கட்டி, அவளை அதில் கிடத்தி, நான்கு ஆண்கள் தோள் மாற்றிச் சுமந்தபடி அடிவாரத்திற்கு இறங்குவார்களாம். வழியிலேயே உயிர் போனவர்களும் உண்டு என்பார் என் ஆயா. ஆயாதான் எங்கள் ஊர் மருத்துவச்சி. எழுதப் படிக்கத் தெரியாதவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்.

என் அக்காளுக்கு இப்போது ஒன்பதாம் மாதம். சென்ற மாதம் கீழே ஒரு மருத்துவமனைக்குச் சோதனைக்குப் போய் வந்தவள், இரண்டு நாள் யாரோடும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தாள். வலியே காணாதபோது, ஒரு சொல்லும் சொல்லாமல், ஒருவர் பின் ஒருவராக மூவர் கைவிட்டுப் பார்த்தார்களாம். இனிச் செத்தாலும் அங்கே போகமாட்டேன் என்றாள். தம் கையில் பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றைத் தடவிப் பார்த்ததோடு சரி, உள்ளே கை வைத்ததே இல்லை என்றார் ஆயா. போகவேண்டும் என்று சொல்லவேண்டியவள் நான்; ஆனால் அந்தப் பரிசோதனை எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. எங்கள் துறைப் பேராசிரியை ஒருவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் விடை சொல்வதற்கு முன், செம்மெல்வைஸ் என்ற மருத்துவரின் வரலாற்றைப் படித்துவிட்டு வா என்று நூலகத்திற்கு அனுப்பினார். அங்கே படித்தறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

இக்னாஸ் பிலிப் செம்மெல்வைஸ் 1818ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், ஹங்கேரி நாட்டில் தன்யூப் ஆற்றங்கரையிலுள்ள பூடா நகரில் பிறந்தார். தந்தையார் மளிகை வணிகர். பத்துப் பிள்ளைகளில் இவர் ஐந்தாமவர். 1837இல் சட்டம் பயில வியன்னாவுக்குச் சென்றவர், மறு ஆண்டே மருத்துவத்திற்கு மாறினார். 1844இல் மருத்துவப் பட்டம் பெற்றார். நம் சென்னையில் பிற்காலத்தில் எழும்பூர் மருத்துவமனை எனப் பெயர் பெற்ற பிரசவ மருத்துவமனை தோன்றியதும் அதே 1844இல்தான். 1846 ஜூலையில் வியன்னாப் பொது மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில், பேராசிரியர் கிளைன் என்பவரிடம் உதவியாளராக அமர்ந்தார்.

அந்த மருத்துவமனையில் மகப்பேற்றுக்கு இரு பிரிவுகள் இருந்தன. 1840 முதல், முதற்பிரிவில் மருத்துவ மாணவர்களும் இரண்டாம் பிரிவில் தாதிப் பயிற்சி பெறும் பெண்களும் பயின்றனர். எந்தப் பிரிவில் எந்த நாளில் தாய்மாரைச் சேர்ப்பது என்று முறை வைத்திருந்தார்கள். ஏழைப் பெண்களுக்கு இலவசமாகப் பிள்ளைப்பேறு பார்ப்பார்கள். அதற்கு ஈடாக, படிப்பவர்கள் அவர்கள் உடலில் பயிற்சி பெறுவார்கள். 1846ஆம் ஆண்டில் முதற்பிரிவில் சேர்ந்த 4,010 பேரில் 459 பேர் மாண்டனர். இரண்டாம் பிரிவிலோ 3,754 பேரில் 105 பேர். கொன்றது பேறுகாலக் காய்ச்சல். பிள்ளை பெற்ற ஓரிரு நாளில் குளிர்காய்ச்சல் கண்டு, வயிறு வீங்கி, ஒரு வாரத்திற்குள் உயிர் போகும். இந்த வேறுபாடு ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. முதற்பிரிவு நாளில் வந்துவிட்ட பெண்கள், தங்களை இரண்டாம் பிரிவில் சேர்க்கும்படி மண்டியிட்டு மன்றாடினார்கள். சிலர் வழியில் தெருவிலேயே பெற்றுவிட்டுப் பிறகு வந்தனர். வியப்பு என்னவென்றால், தெருவில் பெற்றவர்களுக்கு அந்தக் காய்ச்சல் அரிதாகவே வந்தது!

ஒரு கட்டடம், ஒரே காற்று, ஒரே உணவு. பிறகு ஏன் இந்த வேறுபாடு? கெட்ட காற்றே காரணம் என்றனர் பெரியவர்கள். காற்று இரு பிரிவுக்கும் பொதுவாயிற்றே! கூட்டம் மிகுதி என்றனர். கூட்டம் மிகுந்தது இரண்டாம் பிரிவில்தான். அங்கே பெண்களை ஒருக்களித்துப் படுக்கவைக்கிறார்கள் என்று கண்டு, இங்கும் அப்படியே செய்து பார்த்தார், மரணம் குறையவில்லை. சாகும் நிலையிலுள்ளவரிடம் செல்லும் பாதிரியார் மணியடித்துக்கொண்டு மற்றப் பெண்களின் அறைகளைக் கடந்து செல்வதால் அச்சம் பிறந்து நோய் வருகிறதோ என்றெண்ணி, அவரை மணியில்லாமல் சுற்றுவழியாகப் போகச் சொன்னார். அதனாலும் பயனில்லை. ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்துத் தள்ளிய இந்த முறையை, ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்யும் நம் அறிவியல் மாணவர்கள் நன்கு உணர்வார்கள்.

1847 மார்ச்சில் அவர் ஓய்வுக்காக வெனிஸ் சென்று திரும்பியபோது, நண்பர் கோலெட்ச்கா இறந்துவிட்டிருந்தார். பிணப் பரிசோதனையின்போது மாணவன் ஒருவனின் கத்தி அவர் விரலில் பட்டது. காய்ச்சல் கண்டு மாண்டார். அவர் உடலை அறுத்துப் பார்த்த குறிப்பைப் படித்த செம்மெல்வைஸ் திடுக்கிட்டார். பேறுகாலக் காய்ச்சலில் மாண்ட பெண்களின் உடலில் கண்ட அதே கேடுகள் ஓர் ஆண்மகனின் உடலிலும்! கத்தி கொண்டு சென்ற நஞ்சு எதுவோ, அதையே தாய்மாரிடம் கொண்டு செல்வது எது? கைதான். மாணவர்கள் காலையில் பிணவறையில் அறுத்துவிட்டு, சோப்பால் கழுவியும் நாற்றம் போகாத கையோடு பிரசவ அறைக்கு வந்து, ஒரே தாயைப் பலராக உள்பரிசோதனை செய்தார்கள். தாதிப் பெண்கள் பிணவறைக்குச் செல்வதில்லை. தெருவில் பெற்றவளை யாரும் கைவிட்டுப் பார்க்கவில்லை. நெடுநேரம் வலியில் கிடந்து பலமுறை பரிசோதிக்கப்பட்ட பெண்களே மிகுதியாக மாண்டதற்கும் விடை கிடைத்துவிட்டது.

1847 மே நடுவில், குளோரின் கரைசலில் கைகழுவாமல் எவரும் தாய்மாரைத் தொடக்கூடாது என்று விதித்தார். பிணநாற்றத்தை அகற்றுவதால் அதைத் தேர்ந்தார். பிறகு செலவு கருதிச் சுண்ணாம்புக் குளோரைடுக்கு மாறினார். நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடர்தான் அது. ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் மாண்ட பிரிவில், ஜூனில் இரண்டு பேர், ஜூலையில் ஒருவர் என்று மரணம் இறங்கியது. 1848ஆம் ஆண்டில் 3,556 பேரில் 45 பேரே மாண்டனர். அவ்வாண்டு மார்ச்சிலும் ஆகஸ்டிலும் ஒருவர்கூட இறக்கவில்லை.

இடையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1847 அக்டோபரில் முதல் கட்டிலில் கருப்பைப் புற்றுநோய் கண்ட ஒரு பெண் கிடந்தாள். அவளைப் பரிசோதித்தபின் வெறும் சோப்பால் கழுவிக்கொண்டு வரிசையாக அடுத்த பெண்களைப் பார்த்தனர். அவ்வரிசையில் பன்னிருவரில் பதினொருவர் மாண்டனர். உயிருள்ள உடலிலிருந்தும் நஞ்சு கையேறும் என்பதை அன்று அறிந்தார். அதன்பின், ஒவ்வொரு தாய்க்கும் முன்னும் கைகழுவ வேண்டும் என விதி மாறியது.

தாம் பிணவறையில் மற்றவர்களைவிட மிகுதியாக உழைத்தவர் என்பதால், தம் கையாலேயே எத்தனை பெண்கள் மாண்டார்களோ, இறைவன் ஒருவனே அறிவான் என்று செம்மெல்வைஸ் எழுதினார். இதை மறைக்காமல் எழுதியதுதான் அவர் செய்ததிலேயே பெரிது என்பது என் எண்ணம். ஜெர்மனியின் கீல் நகரப் பேராசிரியர் மிகாயேலிஸ் இச்செய்தியை ஏற்றுக் கைகழுவலைத் தொடங்கினார். தாம் பரிசோதித்த தம் உறவுப் பெண் இக்காய்ச்சலால் இறந்ததை எண்ணி எண்ணி மனமுடைந்து, 1848இல் ரயில் முன் பாய்ந்து உயிர் விட்டார்.

மற்றப் பெரியவர்கள் ஏற்கவில்லை. மருத்துவரின் கையே கொல்கிறது என்பதை எந்தக் கனவான் ஒப்புவான்? இவருக்கு முன்பே, 1795இல் ஸ்காட்லாந்தின் கார்டனும் 1843இல் அமெரிக்காவின் ஹோம்ஸும் இந்நோய் மருத்துவராலும் தாதியராலும் பரவுகிறது என்று சொல்லி ஏச்சு வாங்கியிருந்தார்கள். 1848இல் எழுந்த புரட்சியும் ஹங்கேரியர்மேல் வியன்னா கொண்ட ஐயமும் சேர்ந்துகொண்டன. 1849 மார்ச்சில் அவர் பதவி நீட்டிக்கப்படவில்லை. 1850இல் பொம்மையை வைத்து மட்டுமே பாடம் நடத்தலாம் என்ற கட்டுப்பாட்டோடு ஒரு பதவி தந்தார்கள். சில நாட்களில், நண்பர்களிடம்கூடச் சொல்லாமல் ஊரை விட்டுப் போய்விட்டார். கைகழுவச் சொன்னவரை வியன்னா கைகழுவிவிட்டது.

பெஸ்ட் நகரில் புனித ரோக்குஸ் மருத்துவமனையில் 1851 முதல் ஊதியமின்றிப் பணியாற்றினார். ஆறாண்டுகளில் 933 பிரசவங்களில் பேறுகாலக் காய்ச்சலால் மாண்டவர் எட்டே பேர். 1855இல் பேராசிரியரானார். 1857இல் மரியா என்பாரை மணந்தார்.

அவர்மேலும் குறை உண்டு. ஹெப்ரா, ஸ்கோடா போன்ற நண்பர்கள்தாம் அவருக்காக எழுதினர், பேசினர். அவரோ எழுதத் தயங்கினார். கண்டுபிடித்துப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்தே, 1861 ஆண்டிட்ட அவருடைய பெருநூல் வெளிவந்தது. அதுவும் நீண்டு, சுற்றி வளைத்து, எதிரிகளைச் சாடுவதிலேயே பாதியாக இருந்தது. பிறகு பேராசிரியர்களுக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுதிக் கொலைகாரர் என்றே அழைத்தார். சொன்னது உண்மை, ஆயினும் ஏசியவரின் உண்மையைக் காது கொடுத்துக் கேட்பவர் யார்?

1865இல் அவர் மனம் பேதலித்தது. ஜூலைத் திங்கள் இறுதியில், புதிய மருத்துவ இல்லம் ஒன்றைப் பார்க்கலாம் என்று ஆசை காட்டி, வியன்னாவில் ஒரு மனநோய் விடுதிக்குக் கொண்டு சென்றவர் அந்த ஹெப்ராதான். தப்ப முயன்றவரைக் காவலர்கள் அடித்துக் கட்டி இருட்டறையில் அடைத்தனர். கையிலிருந்த புண் அழுகி, குருதி நஞ்சேறி, ஆகஸ்ட் 13ஆம் நாள், நாற்பத்தேழாம் வயதில் மாண்டார். எந்த நஞ்சைத் தேடி வாழ்நாளைச் செலவிட்டாரோ அதே நஞ்சு! அதற்கு முந்திய நாள்தான், கிளாஸ்கோவில் லிஸ்டர் என்ற மருத்துவர், கால் முறிந்த சிறுவனின் புண்ணில் கார்பாலிக் அமிலம் வைத்துக் கட்டிக் கிருமியொழிப்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கினார். 1879இல் பாஸ்டர் பேறுகாலக் காய்ச்சலின் கிருமியைக் காட்டினார். 1969இல் புடாபெஸ்டின் மருத்துவப் பல்கலைக்கழகத்திற்குச் செம்மெல்வைஸ் பெயரே சூட்டப்பட்டது.

இதைப் படித்து முடித்துவிட்டுப் பேராசிரியையிடம் மீண்டும் சென்றேன். வலி காணாத பெண்ணுக்குக் கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று விரலால் பார்ப்பதனால், பிள்ளை எந்நாளில் பிறக்கும் என்று சொல்லிவிட முடியாது என்றார். ஒவ்வொரு முறையும் வழக்கமாகச் செய்யவேண்டியதன்று. ஏதேனும் காரணம் இருந்தால் செய்வார்கள். உதிரம் போகும் தாய்க்கு, நஞ்சுக்கொடி கீழே படிந்திருக்கவில்லை என்று ஸ்கேனில் உறுதி செய்யாமல் கைவைப்பது பேராபத்து. வலி முறையாகத் தொடங்கி வாய் நன்கு திறக்கத் தொடங்கியபின், சிக்கலில்லாத பெண்ணுக்கு நான்கு மணிக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரை. பனிக்குடம் உடைந்தபின் அடிக்கடி பார்த்தால் கிருமி ஏறும் வாய்ப்பு கூடும். எதற்குப் பார்க்கிறீர்கள் என்று கேட்கவும், வேண்டாம் என்று சொல்லவும் தாய்க்கு உரிமை உண்டு. ஆனால் அந்த ஒன்றுக்காக மருத்துவமனையையே விட்டுவிட்டால், இரத்த அழுத்தத்தையும் இரத்தசோகையையும் யார் பார்ப்பது, உதிரம் நிற்காமல் போனால் யார் நிறுத்துவது என்றும் கேட்டார்.

அந்த வாரம் மலையேறிய இரவே அடுப்படியில் உட்கார்ந்து அத்தனையும் சொன்னேன். அக்காள் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நீயும் கூட வந்தால் போகிறேன் என்றாள். வரும் செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆயாவுக்கு அந்த மருத்துவர்மேல்தான் எண்ணம். வெந்நீரும் சாம்பலும் கொண்டு கைகழுவிய தம் பழக்கத்தைச் சொல்லிக்கொண்டார். ஆயினும் தம் கையிலும் காய்ச்சல் கண்டு போனவள் ஒருத்தி உண்டு என்று, இதுவரை எங்களிடம் சொல்லாத ஒன்றையும் சொன்னார். பிறகு, அந்த மனிதரின் பெண்டாட்டி பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்டார். ஐந்து பிள்ளைகளில் இரண்டு சிறு வயதிலேயே போயின, மற்றவர்கள் பின்னாளில் குடும்பப் பெயரையே மாற்றிக்கொண்டார்கள், மனைவி 1910 வரை இருந்தார் என்றேன். ஆயா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். நாற்பத்தைந்து வருஷம் என்றார்.