போய்ச் சேருமா என்பதை முன்கூட்டியே கணக்கிட்டவர்: லியோனிட் கந்தோரோவிச்

1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை லெனின்கிராட் நகரில் அலுவலக ஊழியர்களுக்கும் தங்கிவாழ்வோருக்கும் சிறுவர்களுக்கும் கிடைத்த பாண் நாளொன்றுக்கு 125 கிராம். அந்தப் பாணிலும் பாதிக்கு மேல் மாவா என்பது சந்தேகம். செப்டெம்பர் 8 இல் ஜேர்மன் படைகள் தரைவழியை மூடியதோடு தொடங்கிய முற்றுகை 872 நாட்கள் நீடித்தது. பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நின்றவர்களுக்கு 125 கிராம் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. பல இலட்சம் மக்கள் பசியால் மாண்டார்கள்.

நகருக்குள் உணவு வந்த பிரதான வழி லடோகா ஏரி. குளிரில் ஏரி உறைந்ததும் பனிக்கட்டியின் மேலே லொறிகள் ஓடின. கட்டி எவ்வளவு தடிப்பாக இருந்தால் லொறி போகலாம், ஒரு லொறிக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்ற கணக்கில் கடற்படைப் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஒருவருக்குப் பங்குண்டு என்று அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. அவருக்கு அப்போது 29 வயது. பெயர் லியோனிட் கந்தோரோவிச்.

உலகம் அவரைப் பொருளாதார நோபல் பரிசு பெற்றவராகவே அறியும். ஆனால் பாலமும் அணையும் பாரத்தைத் தாங்குமா என்று கணினியில் சோதித்துப் பார்க்கும் பொறியியலாளர்கள், பெயர் தெரியாமலே நாள்தோறும் அவருடைய வேறொரு வேலையின் மீது நிற்கிறார்கள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியது.

1912 ஜனவரி 19 இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் ஒரு யூத மருத்துவரின் மகனாகப் பிறந்தார். உள்நாட்டு யுத்தம் வந்தபோது குடும்பம் பெலாரஸுக்கு ஓடி ஒரு வருடம் அங்கே இருந்தது. 1922 இல் தந்தை இறந்தார். 14 வயதில் பல்கலைக்கழகம், 18 இல் பட்டம், 22 இல் பேராசிரியர் பதவி.

1938 இல் ஒட்டுப்பலகை செய்யும் நிறுவனமொன்றிலிருந்து ஒரு கேள்வி அவரிடம் வந்தது. பல வகை இயந்திரங்கள், பல வகை மரங்கள். எந்த மரத்தை எந்த இயந்திரத்துக்குக் கொடுத்தால் உற்பத்தி ஆகக் கூடும்? இதைத் தீர்க்க அவர் கண்ட வழிதான் பின்னாளில் லீனியர் புரோகிராமிங் எனப்பட்ட துறையின் தொடக்கம். 1939 இல் அதைச் சிறு நூலாக வெளியிட்டார். அதிலே ஒரு விசயம் ஒளிந்திருந்தது. அரிதான ஒவ்வொரு பொருளுக்கும் கணக்கே ஒரு பெறுமதியைத் தந்தது. கட்சி நிர்ணயித்த விலைக்கும் அந்தப் பெறுமதிக்கும் சம்பந்தமில்லை.

யுத்தத்தின்போது யாரோஸ்லாவ்ல் நகருக்கு இடம்பெயர்ந்த அவர், 1942 இல் இந்தக் கருத்தை முழு நாட்டின் பொருளாதாரத்துக்கும் விரித்து ஒரு நூல் எழுதினார். திட்டமிடல் அதிகாரிகள் ஏற்கவில்லை. ஸ்டாலின் காலத்தில் விலையைப் பற்றி வேறு விதமாகச் சொல்வது உயிரோடு விளையாடுவது. கையெழுத்துப் பிரதியை மூடி வைத்துவிட்டுக் கணிதத்துக்குத் திரும்பினார். நூல் அச்சில் வந்தது 1959 இல். 17 வருடம் கழித்து.

1944 இல் லெனின்கிராட்டுக்குத் திரும்பிய அவர், விஞ்ஞானக் கழகத்தின் கணித நிறுவகத்தில் அண்ணளவாக்க முறைகளுக்கான பிரிவுக்குத் தலைவரானார். சோவியத் அணுகுண்டுத் திட்டத்துக்கான கணக்கீடுகளிலும் ஈடுபட்டார். அதையும் சொல்லாமல் விட முடியாது. 1948 இல் வெளிவந்த அவரது நீண்ட கட்டுரை நியூட்டனின் பழைய முறை ஒன்றைப் புதிதாக அணுகியது.

இரும்புக் கம்பியொன்றின் நுனியில் சிறு பாரத்தைத் தொங்கவிட்டால் கொஞ்சம் வளையும். இரட்டிப்புப் பாரத்துக்கு இரு மடங்கு வளையும். கணக்கு நேரானது. பாரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கம்பி சட்டென்று மடங்கும்; பாரத்தை எடுத்தாலும் நிமிராது. களிமண், வெடிப்பு விழுந்த கொங்கிறீற்று எல்லாம் இப்படித்தான். இத்தகைய பொருட்களாலான கட்டடத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, துண்டுகள் சந்திக்கும் புள்ளிகள்தோறும் சமன்பாடு எழுதுவதைப் பொறியியலாளர்கள் ஃபைனைட் எலிமென்ட் முறை என்பார்கள். அந்தப் பெயர் 1960 இல் அமெரிக்கர் ரே கிளவ் வைத்தது, கந்தோரோவிச்சுடையது அல்ல. இலட்சக்கணக்கான தெரியாக்கணியங்கள் வரும். சமன்பாடுகள் வளைந்தவை என்பதால் ஒரே தடவையில் தீராது.

நியூட்டனின் வழி இது: ஒரு விடையை ஊகித்து, அந்த இடத்தில் வளையிக்குத் தொடலி வரைந்து, தொடலி காட்டும் இடத்துக்கு நகர்ந்து, மறுபடி தொடலி வரைவது. நல்ல இடத்தில் தொடங்கினால் சரியான இலக்கங்கள் ஒவ்வொரு அடியிலும் 2, 4, 8 என இரட்டிக்கும். பிழையான இடத்தில் தொடங்கினால் எங்கோ போய்விடும். நல்ல இடம் எது என்று எப்படி அறிவது? விடை எங்கே என்பதே தெரியாதே!

கந்தோரோவிச் தந்த பதில் நிற்கும் இடத்தை மட்டும் பார்க்கிறது. மூன்று எண்களை எடுங்கள். தொடங்கும் இடத்தில் தொடலி எவ்வளவு தட்டையானது, முதல் அடி எவ்வளவு நீளம், சுற்றுப்புறத்தில் படித்திறன் எவ்வளவு வேகமாக மாறுகிறது. மூன்றின் பெருக்கம் பாதியைத் தாண்டாவிட்டால், விடை ஒன்று அருகே இருக்கிறது. முறை அதைப் போய்ச் சேரும். விடை இருக்கிறதென்று முன்னரே நம்பத் தேவையில்லை, தேற்றமே அதையும் நிறுவிவிடும். ஒரு தெரியாக்கணியத்துக்கு மட்டுமன்றி, முடிவிலாப் பரிமாண வெளிகளுக்கும் இது பொருந்தும் என்று காட்டியதுதான் அவரது பெரிய சாதனை.

உண்மையில் எந்தப் பொறியியலாளரும் அந்த மூன்று எண்களையும் கணித்துக்கொண்டிருப்பதில்லை. ஆனால் முழுப் பாரத்தையும் ஒரேயடியாக ஏற்றும்போது கணினி திணறி நின்றால், பாரத்தைப் பத்தாகப் பிரித்துப் படிப்படியாக ஏற்றுவார்கள். ஏன் அது பலிக்கிறது? முதல் அடி சிறிதாகிறது. பெருக்கம் பாதிக்குள் வருகிறது.

அடுத்தது செலவு. ஒவ்வொரு அடியிலும் பெரியதொரு தாயத்தை உருவாக்கிக் காரணிப்படுத்த வேண்டும். நிறைந்த தாயமென்றால், தெரியாக்கணியங்கள் இரட்டிக்கும்போது அந்த வேலை எட்டு மடங்காகும். ஒருமுறை காரணிப்படுத்தியதை வைத்து விடை காண்பதோ நான்கு மடங்குதான். கட்டடங்களின் தாயங்களில் பெரும்பகுதி பூச்சியம் என்பதால் கணக்கு இவ்வளவு கடுமையாகாது. ஆனாலும் பாரமான வேலை காரணிப்படுத்தல்தான். அப்படியானால் முதல் தாயத்தையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் என்ன? கந்தோரோவிச் இதையும் ஆராய்ந்தார். அடிகள் மலிவாகும், ஆனால் எண்ணிக்கை கூடும். இலக்கங்கள் இரட்டிக்காமல் மெல்ல மெல்லத்தான் சேரும். இன்றைய மென்பொருட்களில் திருத்திய நியூட்டன் முறை என்ற தெரிவாக இருப்பது இதுதான். பொருள் மெதுவாக மாறும்வரை அது இலாபம். கட்டடம் இடியும் தறுவாயை நெருங்கினால் ஊரத் தொடங்கும். அங்கே முழு நியூட்டனின் செலவைக் கொடுத்தே ஆகவேண்டும். எது சிறந்தது என்பதற்கு ஒரே பதில் கிடையாது.

1949 இல் இந்தக் கணிதப் பணிகளுக்காக ஸ்டாலின் பரிசு கிடைத்தது. அதே காலத்தில்தான் லெனின்கிராட் ரயில்பெட்டித் தொழிற்சாலையில், அவருடைய வழிகாட்டலில் வடிவியலாளர் சல்கல்லர், உலோகத் தகடுகளைச் சேதமின்றி வெட்டும் முறையைப் புகுத்தினார். கழிவு குறைந்தது. ஆனால் கழிவு இரும்பைக் கையளிப்பதற்கும் தொழிற்சாலைக்கு ஓர் இலக்கு விதிக்கப்பட்டிருந்தது! அது தவறியதால் சிக்கலில் மாட்டிய கதையைச் சோவியத் கணிதவியலாளர்கள் பின்னாளில் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். அன்று யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

ஸ்டாலின் இறந்த பின்னரே பொருளாதாரக் கருத்துகளுக்கு வெளிச்சம் வந்தது. 1960 இல் சைபீரியாவின் நொவோசிபிர்ஸ்க் சென்றார். 1965 இல் லெனின் பரிசு, 1975 இல் அமெரிக்காவின் ட்ஜாலிங் கூப்மன்ஸுடன் நோபல் பரிசு. மருத்துவரான மனைவி நத்தாலியாவை அவர் மணந்தது ஒட்டுப்பலகைக் கணக்கு வந்த அதே 1938 இல். பிள்ளைகள் இருவரும் கணிதப் பொருளாதாரத்தையே தொழிலாகக் கொண்டனர்.

1986 ஏப்ரல் 7 இல் மொஸ்கோவில் காலமான அவரை நொவொடெவிச்சி மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.