கன்னட நாடகப் பெரியார் கைலாசம்

கன்னட நகைச்சுவை நாடகத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் டி.பி. கைலாசம் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை நம் மாணவருள் அறிந்தோர் சிலரே. ஓசூரைவிட்டு ஜூஜுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் கால் வைத்தவுடன் மொழி மாறிவிடுவதாக நாம் எண்ணுகிறோம். 1991-லும் 2016-லும் காவிரிச் சிக்கலால் அச்சாலையில் பேருந்துகள் நின்ற நாட்களை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வெல்லை மனிதர்களுக்குள் அத்துணைத் திட்டமாக ஓடுவதன்று என்பதற்குக் கைலாசத்தின் வாழ்வு சான்றாகும்.

தியாகராஜ பரமசிவ கைலாசம் 1884-ஆம் ஆண்டு மைசூர்ச் சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தையார் பரமசிவ ஐயர் நீதிபதியாக விளங்கியவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற கைலாசம், அரசு உதவித்தொகை பெற்று நிலவியல் கற்க லண்டன் சென்றார். பாடத்தில் தேறியதோடு அந்நகரின் நாடக அரங்குகளிலும் தோய்ந்து திரும்பினார். பின்னர்க் கோலார் தங்கவயலில் அரசுப் பணி கிட்டியது. வட ஆர்க்காடு, சேலம் வட்டாரங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் வியர்வை சிந்திய அதே தங்கவயல்தான். அப்பணியில் அவர் நிலைக்கவில்லை. நாடகத்துக்காக அதனைத் துறந்தார்.

அக்காலக் கன்னட மேடையில் புராணக் கதைகளும் பாட்டுகளும் செய்யுள்நடை உரையாடலுமே கோலோச்சின. நம் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துத் தமிழ் மேடையை நினைத்துக்கொண்டால் அந்நிலை விளங்கும். கைலாசம் அரண்மனையைவிட்டு நடுத்தரக் குடும்பத்துக் கூடத்துக்கு வந்தார். படித்த வீடுகளில் ஆங்கிலம் கலந்து பேசப்பட்ட கன்னடத்தை அப்படியே மேடையேற்றினார். 1918-இல் வெளிவந்த டொள்ளு கட்டி இவ்வகையில் முதலானது. தேர்வில் முதல்வனாக வரும் மகனையும், படிப்பில் பின்தங்கி வீட்டாருக்கு உதவும் மகனையும் அருகருகே நிறுத்தி, யார் உள்ளீடற்றவர், யார் கெட்டியானவர் என்று அந்நாடகம் வினவுகிறது. தலைப்பிலுள்ள கட்டி என்னும் சொல் நம் கெட்டியே. மதிப்பெண் பட்டியலையே பிள்ளைகளின் அளவுகோலாகக் கொண்ட பெற்றோர் இதனைக் காணவேண்டும். ஆசிரியராகிய நாமும் காணவேண்டும்.

ஏகலைவன், கர்ணன், பரதன் முதலிய காவிய மாந்தரைப் பற்றி எழுதியபோது மட்டும் அவர் ஆங்கிலத்தை நாடினார். வீட்டுத் தமிழ், மேடைக் கன்னடம், காவியத்துக்கு ஆங்கிலம் என இவ்வாறு மூன்று மொழிகளில் வாழ்ந்த எழுத்தாளர் அரியர்.

அவரிடம் ஒரு குறை இருந்தது. அதனை மறைத்தல் முறையன்று. தாமே எழுதிவைக்கும் வழக்கம் அவருக்குப் பெரிதும் இல்லை. நாடகங்களை நெஞ்சில் சுமந்து, நண்பர்முன் எல்லாப் பாத்திரங்களின் குரலிலும் தாமே பேசிக் காட்டுவார். அவர்கள் எழுதிக்கொண்டவையே எஞ்சின. மதுவும் ஒழுங்கற்ற வாழ்வும் அவருடைய ஆண்டுகளைத் தின்றன. காகிதம் ஏறாமலே கரைந்தவை எத்தனையோ! ஆயினும் 1945-இல் கன்னட இலக்கிய மாநாட்டுத் தலைமை அவரைத் தேடி வந்தது. அம்மாநாடு கூடியதும் நம் சென்னையிலேயே. மறு ஆண்டு பெங்களூரில் அவர் மறைந்தார்.

அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின், சி.ஆர். சிம்ஹா என்னும் நடிகர் டிபிகல் டி.பி. கைலாசம் என்ற ஓராள் நாடகத்தை நடித்தார். கிரீஷ் கர்னாட்டின் துக்ளக் நாடகத்தில் சுல்தானாக நடித்துப் புகழ்பெற்றவர் அவர். பெங்களூரில் அவ்வஞ்சலியைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கன்னட இலக்கணம் நான் முறையாகக் கற்றதில்லை. ஓசூர்ச் சந்தையிலும் தொழிற்சாலைப் பேருந்துகளிலும் செவிவழி வந்ததே என் கன்னடம். கைலாசத்தின் மொழிக்கு அதுவே பெரும்பாலும் போதுமாயிருந்தது. அவையினர் நகைத்தபின் சில இடங்களில் நான் சற்றுத் தாமதித்து நகைத்தேன், அவ்வளவே. பலர் கூடி நடிக்காமல் ஒருவரே நின்றது பொருத்தம் என்றும் தோன்றியது. தம் அறையில் கைலாசம் நடத்தியதும் ஓராள் நாடகந்தானே?

சிம்ஹாவும் 2014-இல் மறைந்தார். தளி, தேன்கனிக்கோட்டை, பாகலூர்ப் பகுதிகளிலிருந்து வரும் நம் மாணவருள் கன்னடத்தை வீட்டிலேயே பேசுவோர் உளர். அவர்களுள் ஒருவர் டொள்ளு கட்டியைத் தமிழாக்க முன்வருவாராயின், அடுத்த ஆண்டு முத்தமிழ் விழாவில் அதனை நம் மாணவரே நடிக்கலாம்.