கா. சுப்பிரமணிய பிள்ளை

கா. சுப்பிரமணிய பிள்ளை (நவம்பர் 5, 1888 - ஏப்ரல் 30, 1945) சட்டப் பேராசிரியரும் தமிழறிஞரும் சைவ சித்தாந்த ஆராய்ச்சியாளரும் ஆவார். கா. சு. பிள்ளை என்றும் எம். எல். பிள்ளை என்றும் அறியப்படுகிறார்.

பிறப்பும் கல்வியும்

திருநெல்வேலியில் காந்திமதிநாத பிள்ளை, மீனாட்சியம்மை ஆகியோரின் மகனாகப் பிறந்தார். தாமிரபரணிக் கரை ஊர்களில் சைவமும் தமிழும் வீட்டுக் கல்வியாகவே இருந்த காலம் அது. ஆங்கிலம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் முதுகலைப் பட்டம் பெற்ற இவர், 1917-இல் சட்டத்தில் எம். எல். பட்டமும் பெற்றார். அப்பட்டம் பெற்றோர் அக்காலத்தில் மிகச் சிலரே. ஆதலால் பட்டமே பெயரின் முன்னொட்டாக நிலைத்துவிட்டது.

சட்டப் பணி

சென்னைச் சட்டக் கல்லூரியில் பேராசிரியராக 1919 முதல் 1927 வரை பணியாற்றினார். இக்காலத்தில் 1920-ஆம் ஆண்டுக்குரிய தாகூர் சட்டச் சொற்பொழிவாளராகக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் இவரைத் தேர்ந்தெடுத்தது. பிரசன்ன குமார் தாகூரின் அறக்கொடையால் ஏற்பட்ட இச்சொற்பொழிவுக்கு அக்காலத்தில் பத்தாயிரம் ரூபாய் பரிசு வழங்கப்பட்டது. அந்நாளில் இது பெருந்தொகையாகும். பின்னாளில் டோக்கியோ போர்க்குற்ற நடுவர் மன்றத்தில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய ராதாபினோத் பாலும் இவ்வரிசையில் வந்தவரே. அவர் 1938-இல் பன்னாட்டு உறவுகளில் குற்றம் என்பதைப் பொருளாகக் கொண்டார்.

பிள்ளை எடுத்துக்கொண்ட பொருள் குற்றவியல் கோட்பாடுகள். எது குற்றம், அதற்குத் தண்டனை என்ன என்பதைக் குற்றச் சட்டம் கூறும். மனிதன் ஏன் குற்றம் செய்கிறான், தண்டனை எதற்காக என்பவற்றைக் குற்றவியல் ஆராயும். இத்தாலிய மருத்துவர் லொம்புரோசோ 1876-இல் பிறவிக் குற்றவாளி என்னும் கருத்தை வெளியிட்டபின் மேல்நாட்டில் வளர்ந்த இத்துறை, இந்தியச் சட்டக் கல்விக்கு அப்போது புதிது. சொற்பொழிவுகள் 1924-இல் ஆங்கில நூலாக வெளிவந்தன. இந்நூல் தமிழில் போதிய அளவு பேசப்படவில்லை என்றே கூறவேண்டும்.

தமிழ்ப் பணி

சட்டக் கல்லூரியை விட்டபின் வழக்கறிஞர் தொழிலில் பொருளீட்டும் வாய்ப்பு இருந்தும், தமிழையும் சைவத்தையுமே வாழ்நாட் பணியாகக் கொண்டார். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1929-30இலும், மீண்டும் 1940 முதல் 1944 வரையும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். நெல்லையப்பர் கோயில் அறங்காவலராகவும் பணிபுரிந்தார்.

இவருடைய 'இலக்கிய வரலாறு' (1930), தமிழ் இலக்கியத்தின் வரலாற்றைத் தமிழிலேயே விரிவாகக் கூறிய தொடக்க நூல்களுள் ஒன்று. 'திருநான்மறை விளக்கம்' சைவரிடையே பெரும் விவாதத்தை எழுப்பியது. நான்மறை என்பது வடமொழி வேதங்களைக் குறிக்காது, தமிழ் மறைகளையே குறிக்கும் என்பது இவரது வாதம். சான்று காட்டி வழக்குரைக்கும் சட்டப் பயிற்சி அந்நூலில் தெரிகிறது. முடிவை ஏற்காதோரும் பலர். வானநூல், உடல்நூல் ஆகிய அறிவியற் பொருள்களிலும் தமிழில் எழுதினார்.

மறைவு

இறுதிக் காலத்தில் முடக்குவாத நோயாலும் வறுமையாலும் துன்புற்று, 1945-இல் தம் 56-ஆம் வயதில் மறைந்தார். இவருடைய நூல்களைத் தமிழ்நாடு அரசு பின்னர் நாட்டுடைமையாக்கியது.