மயிலையில் கண்மூடிய தத்துவ போதகர்



ஜூபிலி என்றதும் நம் நினைவு ஆலயத்தின் கல்லையும் கோபுரத்தையும் சுற்றி வருகிறது. ஆனால் இந்த மண்ணில் விசுவாசம் என்னும் கட்டடத்தை எழுப்பியவர்களை நினைக்காத ஜூபிலி நிறைவான ஜூபிலி ஆகாது. அபிராமபுரத்தில் வாழும் நாம் காலாற நடந்தால் லஸ் பிரகாச மாதா கோவிலுக்கும், இன்னும் சற்று நடந்தால் சாந்தோம் கடற்கரைக்கும் போய்விடுகிறோம். அந்த மயிலாப்பூரில்தான் 1656-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள், கண்பார்வை மங்கிய முதிய துறவி ஒருவர் தம் ஓட்டத்தை முடித்தார். அவர்தான் தத்துவ போதகர் என்று தமிழ் மக்கள் அழைத்த இராபர்ட் தெ நொபிலி சுவாமிகள். அவருடைய வாழ்க்கையை இந்த மலரில் நாம் சற்று நினைத்துப் பார்ப்போம்.

அரண்மனையிலிருந்து ஆசிரமத்துக்கு

1577-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ரோமாபுரியில், செல்வமும் செல்வாக்கும் நிறைந்த பிரபு குலத்தில் அவர் பிறந்தார். உறவினர்களில் கர்தினால்மார் இருந்தனர். விரும்பியிருந்தால் ரோமையிலேயே உயர்ந்த பதவி கிடைத்திருக்கும். அதை உதறிவிட்டு சேசு சபையில் சேர்ந்து, குருப்பட்டம் பெற்று, 1604-இல் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறி, 1605-ஆம் ஆண்டு மே மாதம் கோவா வந்து சேர்ந்தார். கொச்சியிலும் முத்துக்குளித்துறையிலும் சிறிது காலம் தங்கித் தமிழ் கற்றபின், 1606-ஆம் ஆண்டின் இறுதியில் மதுரைக்கு அனுப்பப்பட்டார்.

மதுரையில் அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் சுவாமி இருந்தார். பக்தியும் உழைப்பும் உள்ள முதியவர்தான். அங்கு வந்து தங்கியிருந்த பரதவ கிறிஸ்தவர்களுக்கு அவர் மேய்ப்பராயிருந்தார். வைத்தியசாலையும் பள்ளியும் நடத்தினார். ஆயினும் ஏறத்தாழ பதினோரு ஆண்டுகளாக மதுரை மக்களிடையே அவருடைய போதனை வேர் பிடிக்கவில்லை. காரணம் என்ன என்று இளைஞர் நொபிலி சிந்தித்தார். விடை பரங்கி என்ற ஒரே சொல்லில் இருந்தது. போர்ச்சுக்கீசியரை மக்கள் அப்படித்தான் அழைத்தனர். மாட்டிறைச்சி தின்று, மது அருந்தி, குளிக்காமல் திரிபவர்கள் என்பதே அச்சொல்லுக்கு அவர்கள் கொண்ட பொருள். ஞானஸ்நானம் பெற வருபவரிடம் பரங்கி குலத்தில் சேர விருப்பமா என்றே அந்நாளில் கேட்கப்பட்டது. கிறிஸ்துவிடம் வருவதற்குத் தன் நாட்டையும் பழக்கத்தையும் விட்டு வேறு குலத்தில் சேர வேண்டும் என்று மக்கள் எண்ணியதில் வியப்பில்லை அல்லவா?

நொபிலி சுவாமி மாறினார். காவி உடுத்தார். பாதக்குறடு அணிந்தார். ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் சோறும் காய்கறியும் பாலும் உண்டார். தமிழைப் பிழையறக் கற்றார், தெலுங்கும் கற்றார். சிவதர்மர் என்ற தெலுங்குப் பிராமணரிடம் வடமொழியும் பயின்றார். வேதங்களை அயலாருக்குக் கற்பிப்பது பெருங்குற்றம் என்றிருந்த காலத்தில் அந்த ஆசிரியர் எடுத்த துணிவும் சிறிதன்று.

இருபது நாள் வாதம்

மதுரையில் அவருடைய முதல் சீடர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் மதம் மாறிய விதத்தை நாம் கவனிக்க வேண்டும். அதற்குக் காரணம் அற்புதமும் அன்று, பணமும் அன்று, பயமும் அன்று. நாள்தோறும் பல மணி நேரமாக இருபது நாட்கள் இருவரும் அமர்ந்து விவாதித்தார்கள்.

அந்த ஆசிரியர் வேதாகமத்தை ஏற்காதவர். ஏற்காத நூலிலிருந்து மேற்கோள் காட்டினால் வாதம் நிற்காது. ஆகவே சுவாமி இருவரும் ஒப்புக்கொள்ளும் இடத்திலிருந்து, அதாவது பகுத்தறிவிலிருந்து, தொடங்கினார். பதி, பசு, பாசம் என்ற மூன்றும் ஆதியில்லாதவை என்பது ஆசிரியரின் கொள்கை. ஆன்மாவும் எவராலும் உண்டாக்கப்படாமல் தானாகவே என்றென்றும் இருப்பதானால், எவராலும் உண்டாக்கப்படாதிருப்பது என்ற தெய்வத்தின் இலட்சணம் ஆன்மாவுக்கும் வந்துவிடுமே, அப்போது பதி ஒன்றே என்பது எப்படி நிற்கும் என்று சுவாமி கேட்டார். மனிதருக்குள் காணும் ஏற்றத்தாழ்வுக்கு முற்பிறவியே காரணம் என்ற கருத்தையும் அவர்கள் அலசினார்கள். ஒரு படி ஏறிய பிறகே அடுத்த படி. இறுதியில் அந்த ஆசிரியர் ஆல்பர்ட் என்ற பெயருடன் ஞானஸ்நானம் பெற்றார். நொபிலி சுவாமிக்கு ஆதரவு தந்த மாகாண அதிபர் ஆல்பர்ட் லயர்ஸியோ அவர்களின் பெயர் அது.

அறிவைக் கொண்டு வாயிலைத் திறந்த பின்னரே வெளிப்படுத்தப்பட்ட மறையை அவர் எடுத்துரைத்தார். கடவுள் ஒருவரே என்பதை அறிவு காட்டும். அவர் நமக்காக மனிதரானார் என்பதைத் திருமறைதான் சொல்ல முடியும். இந்த எல்லையை அவர் நன்கு அறிந்திருந்தார்.

குற்றம் சாட்டப்பட்ட குரு

ஆனால் சோதனை வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. உடன் வாழ்ந்த பெர்னாண்டஸ் சுவாமியே 1610-இல் மேலிடத்துக்கு முறையிட்டார். நொபிலி கிறிஸ்தவத்தை மறைக்கிறார், சீடர்கள் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ள விடுகிறார், சந்தனம் பூச விடுகிறார், இவை அஞ்ஞான அடையாளங்கள் என்பன குற்றச்சாட்டுகள். வழக்கு கோவா சென்றது, ரோமை சென்றது. உறவினரான கர்தினால் பெல்லார்மின் அவர்களே முதலில் மனம் வருந்திக் கண்டித்து எழுதினார். முழு விவரம் அறிந்தபின் ஆதரவாளரானார்.

இப்போது சுவாமியின் எதிரே இருந்தவர்கள் ஆயர்களும் வேதசாஸ்திரிகளும். இவர்கள் திருமறை நூலை ஏற்றவர்கள். ஆகவே இங்கு அவர் வேதாகமத்தையும் திருச்சபைத் தந்தையரையும் முன்வைத்து, அவற்றிலிருந்து முடிவுகளை வருவித்தார். 1613-லும் 1619-லும் இலத்தீனில் எழுதிய விளக்கங்களில் அந்த வாதங்களை விரிவாகக் காணலாம்.

வாதத்தின் அமைப்பை எளிய முறையில் சொல்லிப் பார்ப்போம். எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள், புறவினத்தார் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டியதில்லை என்று தீர்மானித்தார்கள். அப்படியானால் கிறிஸ்தவராவதற்கு முதலில் யூதராக வேண்டியதில்லை. யூதராகவே வேண்டியதில்லை என்றால், போர்ச்சுக்கீசியராக வேண்டும் என்பது எப்படிச் சரியாகும்? அடுத்தது: விருத்தசேதனம் மீட்புக்குத் தேவையில்லை என்று போதித்த புனித சின்னப்பரே, யூதர்களை முன்னிட்டுத் தீமோத்தேயுவுக்கு அதைச் செய்வித்தார். எல்லாருக்கும் எல்லாமாகும்படி தாம் நடந்துகொண்டதாகக் கொரிந்தியருக்கும் எழுதினார். ஆகவே தன்னில் பாவமில்லாத ஒரு வழக்கத்தை ஆன்மாக்களின் நன்மைக்காகக் கைக்கொள்வது அப்போஸ்தலர் காட்டிய வழியே.

எஞ்சியது ஒரே கேள்வி: பூணூல் பாவமில்லாத வழக்கமா, அல்லது மத அடையாளமா? இதற்கு வேதாகமத்தில் விடையில்லை. நாட்டு வழக்கத்தை ஆராய்ந்துதான் அறியவேண்டும். ஒன்றோடொன்று முரண்படும் சமயக் கொள்கை உடைய பிராமணர் அனைவரும் பூணூல் அணிகிறார்களே, அப்படியானால் அது எந்த ஒரு மதத்தின் குறியாகும் என்று கேட்டார். சாஸ்திர நூல்களையும் பிராமணர் சாட்சியங்களையும் காட்டி, அது குலத்தையும் கல்வியையும் காட்டும் குறி என்று முடித்தார்.

1619-இல் கோவாவில் கூடிய சபையில் பெரும்பான்மையோர் அவருக்கு எதிராகவே இருந்தனர். ஆனால் 1623-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார், மூடநம்பிக்கையை நீக்கிவிட்டு அவ்வழக்கங்களை வைத்துக்கொள்ள அனுமதி அளித்தார். ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள் சந்தேகத்தின் நிழலில் வாழ்ந்த குரு, ஒருநாளும் கீழ்ப்படிதலை மீறவில்லை. வாதாடுவதும் கீழ்ப்படிவதும் ஒரே உள்ளத்தில் இருக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அவர் எடுக்காத முடிவு

ஜூபிலி மலர் புகழ்ச்சி மட்டும் பாடும் இடம் அன்று. உண்மையும் பேச வேண்டும். குலப் பிரிவினையை, ஐரோப்பாவில் பிரபுக்களும் குடிகளும் இருப்பது போன்ற சமுதாய ஒழுங்கு என்றே நொபிலி சுவாமி கருதினார். அதனால் உயர்குலத்தார் எனப்பட்டவர்களுக்கும் ஏனையோருக்கும் தனித்தனியே போதிக்கும் நிலை உண்டாயிற்று. ஒடுக்கப்பட்ட மக்களையும் அவர் மறந்துவிடவில்லை. பண்டாரசாமிகள் என்ற வேறொரு பிரிவுக் குருக்கள் 1640-ஆம் ஆண்டளவில் அவர்களுக்கென்று ஏற்பட்டனர். பின்னாளில் ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரும் பண்டாரசாமியாகவே உழைத்தார்.

ஆயினும் கிறிஸ்துவில் யூதனென்றும் கிரேக்கனென்றும், அடிமையென்றும் சுயாதீனனென்றும் வேறுபாடில்லை என்று கலாத்தியருக்கு எழுதியவரும் அதே சின்னப்பர்தானே? அந்த வாக்கிலிருந்து வரும் முடிவு என்ன? ஒரே பந்தியில் அப்பத்தைப் பகிர்பவர்களுக்குள் தீண்டாமை இருக்க முடியாது என்பதே. அம்முடிவை அவருடைய காலம் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. அதன் பலனைத் தமிழகத் திருச்சபை நெடுங்காலம் அனுபவித்தது. ஒரே கோவிலில் தனித்தனி இடங்களும், இறந்த பின்னும் தனித்தனிக் கல்லறைகளும் இருந்ததை நம் முன்னோர் அறிவார்கள். இந்த வேதனை முற்றிலும் நீங்கிவிட்டது என்று நாம் சொல்லத் துணியவில்லை.

ஆகவே நாம் கற்கும் பாடம் இரண்டு. வேதாகமத்திலிருந்து தருக்க முறைப்படி முடிவு காண்பது நல்லது. ஆனால் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட்டால், தருக்கம் நேராக இருந்தாலும் முடிவு குறைபடும்.

மயிலையில் இறுதி நாட்கள்

1623-க்குப் பிறகு அவர் திருச்சி, சேந்தமங்கலம், சேலம் எனக் கால்நடையாகச் சுற்றி உழைத்தார். 1640-இல் மதுரையில் சிறையும் கண்டார். பார்வை மங்கவே, மேலிடத்தார் அவரை யாழ்ப்பாணத்துக்கும், பின்னர் மயிலாப்பூருக்கும் அனுப்பினர். அவர் இங்கு வந்தபோது ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வயது பத்தைச் சுற்றித்தான் இருக்கும். மயிலையோ போர்ச்சுக்கீசிய நகரம். 1606 முதலே ஆயர் பீடம். இங்கு யாரிடமும் தாம் பரங்கி அல்ல என்று காட்ட வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. எனினும் துறவியின் எளிய உணவையும் நோன்பையும் விடவில்லை. மதுரையில் மேற்கொண்டது வேடமன்று என்பதற்கு மயிலை வாழ்வே சாட்சி.

எழுத முடியாத நிலையிலும் பிறரை எழுதச்சொல்லித் தம் நூல்களைத் திருத்தினார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், புனர்ஜென்ம ஆட்சேபம், தூஷண திக்காரம் முதலியவை அவர் நமக்கு விட்டுச்சென்ற செல்வம். தமிழ் உரைநடையில் தத்துவ வாதங்களை இவ்வளவு விரிவாக எழுதியவர் அவருக்கு முன் அரிது. சர்வேசுரன், வேதம், பூசை, ஞானஸ்நானம் என நம் பாட்டன்மார் செபங்களில் வழங்கிய சொற்கள் நிலைபெற்றதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அந்நூல்கள் பலவற்றைப் பதிப்பித்து நம் கைக்குத் தந்தவர் சேசு சபை அறிஞர் அருட்தந்தை ச. இராசமாணிக்கம்.

அவர் இறந்த பிறகும் வழக்கு ஓயவில்லை. 1744-இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் மலபார் சடங்குகள் குறித்துக் கடுமையான தீர்ப்பு வழங்கினார். அதுபற்றிக் குருக்கள் செய்யவேண்டியிருந்த பிரமாணம் 1940-இல்தான் நீக்கப்பட்டது. பின்னர் இரண்டாம் வத்திக்கான் சங்கம், அந்தந்த நாட்டுப் பண்பாட்டின் நன்மைகளை ஏற்றுக்கொண்டு மறைபரப்பப் பணித்தது. இன்று நாம் தமிழில் திருப்பலி காண்கிறோம், குத்துவிளக்கு ஏற்றுகிறோம். அந்த விளக்கின் திரியைத் திரித்தவர்களில் அவரும் ஒருவர்.

நமக்கு

அபிராமபுரத்தில் நம் பக்கத்து வீட்டார் பெரும்பாலும் இந்து சகோதரர்கள்; கற்றவர்கள்; நட்புள்ளவர்கள். ஒருநாள் தேநீர் வேளையில், ஏன் இயேசுவை நம்புகிறீர்கள் என்று அவர்கள் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? எங்கள் பெற்றோர் கிறிஸ்தவர்கள் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவோமா? ஆண்டவர் சதுசேயருக்கு விடை கூறியபோது, ஆபிரகாமின் கடவுள் வாழ்வோரின் கடவுள் என்ற ஒரு சொல்லிலிருந்தே உயிர்ப்பை நிரூபித்தார். சின்னப்பர் தெசலோனிக்கேயில் மூன்று ஓய்வு நாட்கள் மறைநூலை வைத்து விவாதித்தார். நொபிலி சுவாமி இருபது நாட்கள் ஒரு மனிதரோடு பொறுமையாக அமர்ந்தார். நாமோ மறைநூலை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறோம்.

இந்த ஜூபிலி ஆண்டில் ஒவ்வொரு குடும்பமும் இரவு செபத்தின்போது நற்செய்தியின் ஒரு பகுதியை வாசித்து, இதிலிருந்து நமக்கு விளைவது என்ன என்ற ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளட்டும். விடை இனிப்பாக இருந்தாலும் கசப்பாக இருந்தாலும் அதன்படி நடக்கும் வரத்தை இறைவன் அருள்வாராக. கண்ணொளி மங்கியும் அகவொளி மங்காமல் மயிலையில் கண்மூடிய தத்துவ போதகரை நன்றியுடன் நினைவுகூர்வோம்.

இறைவனுக்கே மகிமை உண்டாவதாக!