எல்லார்க்கும் கல்லூரி அமைத்த பால்பர்

செங்கற்பட்டு மாவட்டத்தில், பழைய மாமல்லபுரம் சாலையின்மேல், கேளம்பாக்கத்தை அடுத்து அமைந்த ஊர் படூர். தைத் திங்களில் காணும் பொங்கல் வந்துவிட்டால் இவ்வூர்ச் சிறுவர்க்குக் கால் வீட்டில் தங்காது. தெற்கே செல்வோர் மாமல்லபுரத்துக் கற்றளிகளைக் காண்பர். கேளம்பாக்கத்தில் மேற்கு நோக்கித் திரும்புவோர் வண்டலூர் உயிரியல் பூங்காவை அடைவர். அன்று அப்பூங்காவில் திரளும் மக்கள் பல்லாயிரவர். கட்டுச்சோறு சுமந்த அன்னையரும், தந்தையர் தோள்மேல் அமர்ந்த குழந்தைகளும் புலியைக் கண்டு வியப்பர். மானைக் கண்டு மகிழ்வர். குரங்கின் சேட்டை கண்டு சிரிப்பர். இப்பூங்காவின் வித்து 1855-ஆம் ஆண்டில், சென்னை எழும்பூரில், ஓர் அருங்காட்சியகத்தின் வளாகத்தில் ஊன்றப்பெற்றது என்பதை அவர்களுள் அறிந்தவர் சிலரே. அதனை ஊன்றியவர் எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர். அவரது வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

பிறப்பும் கடற்செலவும்

பால்பர் 1813-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டில் மாண்ட்ரோசு என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் கிழக்கிந்தியக் கும்பினியின் கப்பற்பணியில் தலைவராக விளங்கியவர். பால்பர் தம் ஊரில் தொடக்கக் கல்வி கற்றபின், எடின்பரோ நகரில் அறுவை மருத்துவம் பயின்று தேர்ந்தார். 1834-ஆம் ஆண்டு இந்தியா நோக்கிக் கப்பல் ஏறினார்.

கப்பல் வழியில் மொரீசியசுத் தீவில் தங்கிற்று. ஒருகாலத்தில் அடர்ந்த காடு போர்த்திருந்த அத்தீவில் கரும்புத் தோட்டங்களுக்காக மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டிருந்தன. பசுமை நீங்கிய அந்நிலத்தை இருபது வயது இளைஞராகிய பால்பர் கண்டார். அக்காட்சி அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

மருத்துவரும் மரங்களும்

சென்னை மாகாணத்தில் படை மருத்துவராகப் பணி ஏற்ற பால்பர், படைவீரர் உடல்நலத்தைக் குறித்துக் கணக்குகள் தொகுத்தார். எவ்விடத்தில் எத்தனை பேர் நோயுற்றனர், எத்தனை பேர் மாண்டனர் என ஆராய்ந்தார். நோய்க்குக் காரணம் உடம்பினுள் மட்டும் இல்லை. குடிக்கும் நீரிலும், வாழும் நிலத்திலும், சூழும் காற்றிலும் உண்டு என்பது அவரது துணிபு.

நிலத்தை நோக்கியவர் மரத்தை நோக்காது இரார் அன்றோ? மரங்கள் மழைக்கும் நிலத்தின் ஈரத்திற்கும் எவ்வாறு துணைசெய்கின்றன என்பது பற்றி அவர் எழுதிய கட்டுரை 1849-ஆம் ஆண்டு வெளிவந்தது. காடு அழிந்தால் ஊற்று வறளும், ஊற்று வறண்டால் உழவு குன்றும், உழவு குன்றினால் பஞ்சமும் நோயும் பின்வரும் என்னும் தொடர்பை அவர் ஆட்சியாளர்க்கு எடுத்துரைத்தார். மரங்கள் எந்த அளவிற்கு மழையை வருவிக்கின்றன என்பது பற்றி அறிஞர்கள் பின்னரும் ஆராய்ந்தே வந்துள்ளனர். ஆயினும் மரங்கள் மண்ணைக் காத்து நீரைத் தேக்குகின்றன என்பதில் ஐயமில்லை. 1856-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் காடுகளைப் பேணத் தனித்துறை தோன்றியது. அதற்கு வழி வகுத்த எண்ணங்களுள் பால்பரின் எண்ணமும் ஒன்று.

இந்நாட்டு மொழிகளின்பால் அவர் பெருவிருப்பம் கொண்டிருந்தார். இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றுத் தேர்ந்தார். சேப்பாக்கத்து நவாபின் அவையோடு அவர்க்கு நெருங்கிய தொடர்பு உண்டாயிற்று. 1850-ஆம் ஆண்டு சென்னையில் முகமதியர் பொது நூலகம் ஒன்று தோன்ற உறுதுணையாக நின்றவரும் அவரே.

அருங்காட்சியகத் தோற்றம்

அக்காலத்தில் சென்னை இலக்கியச் சங்கத்தார் பல்வகைக் கற்களையும் கனிப்பொருள்களையும் திரட்டி வைத்திருந்தனர். அவற்றை வைத்துக் காக்க ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று அவர்கள் கேட்க, ஆளுநர் ஹென்றி பாட்டிஞ்சர் கும்பினி மேலிடத்தின் இசைவைப் பெற்றார். 1851-ஆம் ஆண்டு, நுங்கம்பாக்கத்தில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இயங்கிய மாளிகையின் மேல்மாடியில், ஏறத்தாழ 1,100 கனிப்பொருள்களுடன் சென்னை அருங்காட்சியகம் தொடங்கிற்று. அதன் முதற்பொறுப்பாளராகப் பால்பர் அமர்த்தப்பெற்றார்.

கும்பினியார் இதனை விரும்பியதற்குக் காரணம் வெறும் கல்விப்பற்று அன்று. இந்நாட்டின் மண்ணில் என்ன விளையும், மலையில் என்ன கிடைக்கும், எது வாணிகத்திற்கு உதவும் என அறிவது அவர்தம் நோக்கங்களுள் தலையாயது. பால்பரும் அக்கும்பினியின் ஊழியரே. ஆயினும், பண்டகசாலையின் கணக்கேடு போல இருந்திருக்கக்கூடிய அவ்விடத்தை மக்கள் வந்து கற்கும் பள்ளியாக ஆக்கவேண்டும் என அவர் விழைந்தார்.

அவர் விடுத்த வேண்டுகோளை ஏற்று மாகாணத்தின் பல பகுதிகளிலிருந்தும் பொருள்கள் வந்து குவிந்தன. கல்லும், சிப்பியும், பதப்படுத்திய பறவையும், பழங்காசும் வந்து சேர்ந்தன. பெருகிய பொருள்களுக்கு நுங்கம்பாக்கத்து மாளிகை இடம்கொடாமையால், 1854-ஆம் ஆண்டின் இறுதியில் அருங்காட்சியகம் எழும்பூரில் பாந்தியன் என்று பெயர்பெற்ற வளாகத்திற்கு மாறியது. இன்றளவும் அது அங்கேயே விளங்குகின்றது.

உயிரற்றதும் உயிருள்ளதும்

கற்றோர் கல்லையும் காசையும் கண்டு மகிழ்வர். எழுத்தறியாத உழவரும், நெசவாளரும், அவர்தம் சிறுவரும் என்செய்வர்? பெயர்ச்சீட்டைப் படிக்க இயலாதவர்க்குக் கண்ணாடிப் பேழையினுள் இருக்கும் கல் வெறுங்கல்லேயாகும். பால்பர் இதனை நன்கு உணர்ந்தார். அருங்காட்சியகத்தில் ஒரு புலிக்குட்டியும் ஒரு சிறுத்தைக்குட்டியும் உயிருடன் வைக்கப்பெற்றன. அவ்வளவே! செய்தி நகரெங்கும் பரவிற்று. அதுவரை எட்டிப்பாராதவர் எல்லாரும் திரண்டு வந்தனர். குட்டிகளைக் காண வந்தவர் அத்துடன் நில்லாது, உள்ளே சென்று மற்றைப் பொருள்களையும் கண்டனர்.

வேடிக்கை பார்ப்பதற்கென்றே வரும் கூட்டத்தை இகழ்ந்து பேசுவார் பலர் உண்டு. பால்பர் இகழவில்லை. வேடிக்கையே அறிவின் வாயில் என்பது அவர் கண்ட உண்மை. சிறு குழந்தை முதலில் வியக்கின்றது, வியந்தபின் வினவுகின்றது, வினவியபின் அறிகின்றது. ஆதலின் வியப்பை முதலில் ஊட்டுதல் வேண்டும் என அவர் கருதினார்.

நவாபிடம் பல விலங்குகள் வளர்ந்து வந்தன. அவற்றை அருங்காட்சியகத்திற்கு அளிக்குமாறு பால்பர் வேண்ட, நவாபும் இசைந்தார். 1855-இல் எழும்பூர் வளாகத்தில் விலங்குக் காட்சிச்சாலை உருப்பெற்றது. ஓராண்டிற்குள் விலங்கு, பறவை, ஊர்வன ஆகியவற்றின் தொகை 300-ஐக் கடந்தது. நம் நாட்டின் மிகப் பழைய விலங்குக் காட்சிச்சாலைகளுள் அஃது ஒன்று.

சென்னைப் பொதுமக்கள் இவ்விரண்டிற்கும் அழகிய பெயர்கள் சூட்டினர். பாடம் செய்த விலங்குகள் இருக்கும் அருங்காட்சியகம் செத்த காலேஜு ஆயிற்று. விலங்குகள் உலவும் இடம் உயிர்க் காலேஜு ஆயிற்று. முதலில் கல்லூரி மாளிகையில் தோன்றியமையால் இப்பெயர் வந்தது என்பர். காரணம் எதுவாயினும் பொருள் மிகப் பொருத்தமே. கல்லூரியின் படியை மிதிக்க வாய்ப்பில்லாத எளிய மக்கள், தாம் நுழையக்கூடிய ஒரே கல்லூரி இதுவெனக் கண்டு பெயரிட்டனர் போலும்!

நூலும் தொண்டும்

பால்பர் 1859 வரை அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்தார். 1857-ஆம் ஆண்டு இந்தியக் கலைக்களஞ்சியம் ஒன்றை வெளியிட்டார். இந்தியாவின் நிலம், மரம், விலங்கு, தொழில், மக்கள் ஆகியவற்றைப் பற்றிய செய்திகளை அகர வரிசையில் தொகுத்த பெருநூல் அது. அவர் அதனை மேலும் இருமுறை திருத்தி விரித்தார். மூன்றாம் பதிப்பு 1885-இல் மூன்று பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. 1865-ஆம் ஆண்டு பெங்களூரில் அரசு அருங்காட்சியகம் தோன்றியபோதும் அவரே அதற்கு வழிகாட்டினார்.

1871 முதல் 1876 வரை சென்னை மாகாண மருத்துவத் துறையின் தலைமைப் பதவியை வகித்தார். அந்நாளில் ஆண் மருத்துவரிடம் செல்லக் கூசிய பெண்கள், நோயை மறைத்தே மாண்டனர். மகப்பேற்றின்போது இறந்தவர் எண்ணற்றோர். இந்நிலை கண்டு பால்பர் இரங்கினார். மகப்பேற்று மருத்துவ நூல் ஒன்றைத் தாமே இந்துஸ்தானியில் மொழிபெயர்த்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் அந்நூலைப் பெயர்ப்பித்துத் தம் கைப்பொருள் கொண்டே அச்சிட்டார். பெண்கட்கு மருத்துவக் கல்வி அளிக்கவேண்டும் என்று அரசை வலியுறுத்தினார். அதன் பயனாக 1875-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களை மாணவியராக ஏற்றது. மேரி ஷார்லீபு என்னும் அம்மையார் அவர்களுள் ஒருவர். பின்னாளில் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பயின்று புகழ்பெற்றதும் அக்கல்லூரியிலேதான். அருங்காட்சியகத்தின் கதவை எளியோர்க்குத் திறந்த கையே மருத்துவக் கல்லூரியின் கதவைப் பெண்கட்கும் திறக்க உதவிற்று.

1876-இல் பால்பர் தாயகம் திரும்பினார். அவ்வாண்டே பருவமழை பொய்த்துச் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பற்றியது. ஏரிகளை நம்பி வாழ்ந்த செங்கற்பட்டுச் சீமையும் அதற்குத் தப்பவில்லை. நீரும் நிலமும் மரமும் மக்கள் உயிரும் ஒன்றோடொன்று பிணைந்தவை என முன்னரே எழுதியவரின் சொற்கள் எத்துணை இன்றியமையாதவை என்பதை அப்பஞ்சம் உணர்த்திற்று. 1889-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் பால்பர் இலண்டனில் காலமானார்.

பருவந்தோறும் பாடம்

எழும்பூரில் இருந்த விலங்குகள் 1863-இல் மூர் மார்க்கெட்டுப் பக்கத்து மக்கள் பூங்காவிற்கு மாறின. அங்கு மக்கள் கட்டணமின்றி அவற்றைக் கண்டனர். ஆயினும் நகரின் நெருக்கத்திடையே, சிறு கூண்டுகளில் அடைபட்ட விலங்குகள் நலிவுற்றன. நமக்கு வியப்பளிக்கும் உயிர் தான் வருந்தலாகாது என்னும் உணர்வும் மக்களிடையே வளர்ந்தது. ஆகவே 1985-ஆம் ஆண்டு வண்டலூர்க் காட்டில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பெற்றது. 602 எக்டேர்ப் பரப்பில் விரிந்த அப்பூங்காவில் விலங்குகள் மரநிழலில் உலவுகின்றன. கோடை விடுமுறையில் அங்குச் சிறுவர்க்கு இயற்கைப் பயிற்சி முகாம்களும் நடைபெறுகின்றன. படூர்க்குக் கிழக்கே முட்டுக்காட்டில் 1996 முதல் விளங்கும் தட்சிணசித்திரா என்னும் அருங்காட்சியகத்தில் தென்னாட்டுப் பழைய வீடுகளையும் கைத்தொழில்களையும் சிறுவர் கண்டு கற்கின்றனர்.

நிலத்தையும் பொழுதையும் சேர்த்துக் கற்பது தமிழர்க்குப் புதிதன்று. நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது, அவ்வந்நிலத்திற்குரிய பொழுது, விலங்கு, பறவை, மரம், பூ ஆகியவற்றையும் உடன் வைத்தே எண்ணினர். படூர், மருதமும் நெய்தலும் அடுத்தடுத்து அமைந்த நிலம். கூதிர்காலத்து மழையில் ஏரிகள் நிரம்பும். நிரம்பியபின் வேடந்தாங்கலுக்கும், வண்டலூர்ப் பூங்காவினுள் அமைந்த ஓட்டேரிக்கும் பறவைகள் வந்து சேரும். பனிக்காலத்து இரவுகளில் பங்குனி ஆமைகள் கடலினின்றும் கரையேறி மணலில் முட்டையிடும். தன்னார்வலர்கள் அம்முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பதையும், குஞ்சுகள் பொரித்தபின் கடலில் விடுவதையும் சிறுவர்கள் உடன் நின்று காண்பது உண்டு. ஆமையின் பெயரிலேயே நம்மவர் மாதத்தைப் பொறித்துள்ளனர்!

மாணவர்களே! கட்டடங்கள் எழுந்தும், ஏரிகள் சுருங்கியும் வரும் காலம் இது. ஒரு நீர்நிலை தூர்க்கப்படும்போது, அதில் எப்பறவை எத்திங்களில் வந்தது என்று சொல்ல அவ்வூரில் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். பெயர் அறியாத பறவை வாராது நின்றுவிட்டால், அதனைத் தேடுவார் எவரும் இரார். கல்லாதவரும் குழந்தைகளும் இயற்கையை வந்து காணவேண்டும் எனப் பால்பர் வாயிலைத் திறந்து வைத்தார். அடுத்த காணும் பொங்கலன்று பூங்காவிற்குச் செல்லும்போது, கண்ட பறவைகளுள் ஒன்றன் பெயரையேனும் கேட்டறிந்து வாருங்கள். அது நம் ஊர் ஏரிக்கும் வருகின்றதா என்று பாருங்கள். அக்கல்லூரியில் நீங்கள் கற்கும் முதற்பாடம் அதுவே ஆகும்.