பழங்காசு ஆய்ந்த அறிஞர்

பழங்காசு ஒன்று, தன் மேலுள்ள எழுத்தைப் படிப்பார் இல்லாதவரை வெறும் உலோகத் துண்டேயாகும். அத்தகைய காசுகளின் வாயிலாக, மறைந்து கிடந்த மன்னர்களின் பெயரையும் காலத்தையும் உலகிற்கு உணர்த்தியவர்களுள் ஜேம்ஸ் பிரின்செப் என்பவர் தலைசிறந்தவர்.

இவர் 1799-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டிற் பிறந்தார். இளமையிற் கட்டடக் கலை பயில விரும்பினார்; ஆயினும் கண்ணொளி குன்றியமையால் அக்கல்வியைக் கைவிட நேர்ந்தது. கண்ணோய் நீங்கிய பின்னர், பொன் வெள்ளிகளின் மாற்றுக் காணும் தொழிலைக் கற்றுத் தேர்ந்து, 1819-இல் கல்கத்தா நகரை அடைந்து, நாணயம் அடிக்கும் அக்கசாலையில் அலுவல் ஏற்றார். பின்னர்க் காசி அக்கசாலையிற் பத்தாண்டுகள் பணி புரிந்தார். மீண்டும் கல்கத்தா சென்று, 1832-இல் மாற்றுக் காணும் அலுவலர்க்குத் தலைவரானார். ஆசியக் கழகத்தின் செயலாளராகவும் அமர்ந்தார்.

நாட்டின் பல பகுதிகளினின்றும் பழங்காசுகள் அவரை வந்தடைந்தன. அவற்றின் உலோகம், எடை, உருவம், எழுத்து, கிடைத்த இடம் ஆகியவற்றை அவர் ஒப்பிட்டு நோக்கினார். வடமேற்குப் பகுதியை ஆண்ட கிரேக்க மன்னர்களின் காசுகளில் ஒருபுறம் கிரேக்க எழுத்தும், மறுபுறம் அறியப்படாத எழுத்தும் இருந்தன. இருபுறமும் உள்ளது ஒரே மன்னன் பெயரே என்று மாசன் என்பவர் கண்டார். பிரின்செப் அவ்வழியே சென்று, கரோஷ்டி எழுத்துகள் பலவற்றை அறிந்தார்.

பிராமி எழுத்தோ எளிதில் விளங்கவில்லை. 1837-இல், சாஞ்சித் தூபியின் கற்களிலுள்ள சிறு தொடர்கள் பலவும் ஒரே சொல்லில் முடிதலை அவர் கண்டார். அச்சொல்லின் முன் நின்ற எழுத்து, சௌராட்டிரக் காசுகளில் அவர் கண்டறிந்திருந்த ஆறாம் வேற்றுமை உருபாகும். ஆகவே, அவை இன்னாரது கொடை எனக் குறிப்பன என்று உணர்ந்தார். இறுதிச் சொல் தானம் என்பது புலனாயிற்று. அதனையே திறவுகோலாகக் கொண்டு தில்லித் தூணின் எழுத்தையும் படித்தார். அதிற் குறித்த மன்னன் அசோகனே என்பதை, இலங்கையிலிருந்த டர்னர் பாலி நூலால் தெளிவித்தார். 1838-இல் அசோகன் கல்வெட்டில் கிரேக்க மன்னர் சிலர் பெயர்கள் இருத்தலைப் பிரின்செப் கண்டார். அம்மன்னர்களின் காலம் முன்னரே அறியப்பட்டிருந்தமையின், அசோகன் கி.மு. 3-ஆம் நூற்றாண்டினன் என்பது உறுதியாயிற்று.

பகலில் அக்கசாலைப் பணியும் எஞ்சிய பொழுதெல்லாம் ஆராய்ச்சியுமாக உழைத்த அவருடல் நலிந்தது. 1838-இல் நோயுற்றுத் தாய்நாடு திரும்பியவர், நலம் பெறாமலே 1840-இல், தம் நாற்பதாம் வயதில், உயிர் நீத்தார். அவர் படித்தறிந்த பிராமியே, தமிழகத்துக் குகைகளிலுள்ள தொன்மையான கல்வெட்டுகளைப் பிற்காலத்தார் படித்தற்கும் அடிப்படையாயிற்று.

மாணவர்களே! வயலிலோ ஆற்றங்கரையிலோ பழங்காசு கிடைப்பின், அதனைத் தேய்த்தலும் உருக்குதலும் தகா. கிடைத்த இடத்தைக் குறித்து, அறிந்தாரிடம் சேர்ப்பித்தலே முறை. அச்சிறு காசில் ஓர் அரசனின் வரலாறே அடங்கியிருத்தல் கூடும்.