லேசருக்குப் பெயர் வைத்தவரையே லேபுக்குள் விடாத அமெரிக்க ராணுவம்! யார் இந்த கோர்டன் கூல்ட்?

1959-ல் நியூயார்க் பகுதியைச் சேர்ந்த டிஆர்ஜி என்ற சின்ன கம்பெனி, ஓர் ஆராய்ச்சிக்காக அமெரிக்க பாதுகாப்புத் துறையின் ஆர்பா அமைப்பிடம் 3 லட்சம் டாலர் கேட்டது. கிடைத்தது 9,99,000 டாலர். கேட்டதைவிட மூன்று மடங்குக்கும் மேல்! அரசாங்கம் இப்படி அள்ளிக் கொடுக்கிற அளவுக்கு அதில் என்ன இருந்தது?

லேசர். அதுவும் அப்போது பேப்பரில் மட்டுமே இருந்த லேசர். உலகில் அதுவரை யாரும் ஒன்றைக்கூட செய்து பார்த்திருக்கவில்லை.

அந்தப் பேப்பருக்குச் சொந்தக்காரர் கோர்டன் கூல்ட். பணம் வந்த கையோடு ராணுவம் அந்த புராஜெக்ட்டை ரகசியம் என்று அறிவித்தது. ரகசிய வேலையில் சேர பாதுகாப்பு அனுமதி வேண்டும். அது கூல்டுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

மிட்டாய்க் கடையில் ஒரு முத்திரை

1920-ல் நியூயார்க்கில் பிறந்த கூல்ட், யேல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முதுகலை முடித்தவர். இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டு தயாரித்த மன்ஹாட்டன் திட்டத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அப்போதே கம்யூனிஸ்ட் அமைப்பு ஒன்றில் உறுப்பினர் என்று தெரியவந்து வேலையை விட்டு அனுப்பப்பட்டார். 1948-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்ட்டுகள் ஆட்சியைக் கைப்பற்றிய விதம் பிடிக்காமல் அவரே அந்த அரசியலை விட்டு விலகிவிட்டார். ஆனால் ஃபைல் அவரை விடவில்லை.

பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிஎச்டி சேர்ந்தார். அதே பல்கலைக்கழகத்தில்தான் சார்லஸ் டவுன்ஸ் இருந்தார். லேசருக்கு அண்ணன் என்று சொல்லக்கூடிய மேசரை 1954-லேயே செய்து காட்டியவர். மேசர் நுண்ணலைகளைப் பெருக்கும். அதையே ஒளியில் செய்ய முடியுமா என்பதுதான் அப்போது எல்லாரையும் குடைந்த கேள்வி.

1957 நவம்பரில் ஓர் இரவு கூல்டுக்குப் பொறி தட்டியது. எதிரெதிரே இரண்டு கண்ணாடிகள், நடுவில் சக்தி ஏற்றப்பட்ட அணுக்கள். ஒளி இந்தக் கண்ணாடிக்கும் அந்தக் கண்ணாடிக்கும் போய்ப் போய் வரும். வழியில் படுகிற ஒவ்வோர் அணுவும் அதே நிறத்தில், அதே திசையில் இன்னும் கொஞ்சம் ஒளியைச் சேர்த்துவிடும். பல்பு வெளிச்சம் போல நாலாபுறமும் சிதறாமல், ஒரே நேர்கோட்டில் குறுகலான கற்றையாக வெளியே வரும். லைட் ஆம்ப்ளிஃபிகேஷன் பை ஸ்டிமுலேட்டட் எமிஷன் ஆஃப் ரேடியேஷன் என்று நோட்டில் எழுதி, அதைச் சுருக்கி லேசர் என்று பெயரும் வைத்தார். தகவல் தொடர்பு, ரேடார், அணுக்கரு இணைவு என எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதையும் குறித்துவைத்தார்.

நோட்டை எடுத்துக்கொண்டு பிராங்க்ஸில் ஒரு மிட்டாய்க் கடைக்குப் போனார். கடைக்காரர் நோட்டரியும்கூட. நவம்பர் 13 தேதியிட்டு பக்கங்களில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

இதுவரை எல்லாம் சரி. சொதப்பல் இதற்குப் பிறகுதான். வேலை செய்யும் மாடல் கையில் இருந்தால்தான் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க முடியும் என்று கூல்ட் தப்பாகப் புரிந்துகொண்டார். அப்படி எந்த விதியும் கிடையாது! அதே காலத்தில் டவுன்ஸும் அவரது மைத்துனர் ஆர்தர் ஷாலோவும் தனியாக அதே முடிவுக்கு வந்து, 1958 ஜூலையிலேயே விண்ணப்பித்துவிட்டார்கள். பிஎச்டியைப் பாதியில் விட்டுவிட்டு டிஆர்ஜியில் சேர்ந்த கூல்ட் விண்ணப்பித்தது 1959 ஏப்ரலில்.

சொந்த நோட்டைப் படிக்கத் தடை

ஆர்பா தொடங்கப்பட்டதே 1958-ல்தான். ஸ்புட்னிக்கை ஏவி சோவியத் யூனியன் கொடுத்த அதிர்ச்சிக்கு அமெரிக்காவின் பதில் அது. எதிரியின் தூரத்தை அளப்பது, இலக்கைச் சுட்டிக்காட்டுவது, முடிந்தால் பாய்ந்து வரும் ஏவுகணையை எரிப்பது என ராணுவத்தின் ஆசைப் பட்டியல் நீளம். பணம் கொட்டியது அதனால்தான்.

ஆனால் பழைய கம்யூனிஸ்ட் தொடர்பைக் காட்டி கூல்டின் அனுமதி மறுக்கப்பட்டது. ரகசிய வேலை நடந்த பகுதிக்குள் அவர் கால் வைக்க முடியாது. அவர் எழுதிய நோட்டுகளும் ரகசிய ஆவணமாகிவிட்டதால், அவற்றை அவரே எடுத்துப் படிக்க முடியாது. சக ஊழியர்கள் வெளியே வந்து சந்தேகம் கேட்பார்கள், இவர் பதில் சொல்வார். அந்தப் பதில் பலித்ததா என்று அவர்கள் திருப்பிச் சொல்லக் கூடாது. இன்றைய ஆபீஸ் பாஷையில் சொன்னால், புராஜெக்ட்டைத் தொடங்கியவரையே குரூப்பில் இருந்து தூக்கிவிட்டு, டவுட் மட்டும் கேட்ட கதை.

விளைவு? 1960 மே 16 அன்று கலிஃபோர்னியாவின் ஹியூஸ் ஆய்வகத்தில் தியோடர் மைமன், ஒரு சின்ன ரூபி படிகத்தை வைத்து உலகின் முதல் லேசரை இயக்கிவிட்டார். டிஆர்ஜி கையில் பணம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். அந்த யோசனையைத் தலைக்குள் வைத்திருந்தவர் மட்டும் கதவுக்கு வெளியே இருந்தார். அவர் உள்ளே இருந்திருந்தால் முந்தியிருப்பார்களா என்பதை அடித்துச் சொல்ல முடியாது. கையைக் கட்டிவிட்டு ஓடச் சொன்னார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

1964-ல் டவுன்ஸுக்கும், சோவியத் விஞ்ஞானிகள் பாசோவ், புரோகோரோவ் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

பாலத்தைச் சாய்த்த கற்றை

இதற்கிடையே லேசர் போர்க்களத்துக்குப் போய்விட்டது. எரிக்கும் ஆயுதமாக இல்லை, குறி காட்டும் விரலாக. வடக்கு வியட்நாமின் தான் ஹோவா பாலத்தை அமெரிக்க விமானங்கள் 1965-லிருந்து நூற்றுக்கணக்கான முறை தாக்கியும் வீழ்த்த முடியவில்லை. 1972 மே 13 அன்று லேசர் வழிகாட்டும் குண்டுகள் அதைச் சாய்த்தன. டெக்னிக் சிம்பிள்தான். விமானத்தில் இருந்து இலக்கின் மீது லேசரை அடிப்பார்கள். அங்கே பட்டுத் தெறிக்கும் ஒளியை குண்டின் மூக்கில் உள்ள சென்சார் பிடித்துக்கொள்ளும். அந்தத் திசைக்குத் துடுப்புகள் குண்டைத் திருப்பும்.

இலக்கைச் சுட்டிக்காட்டும் வேலைக்கு ஆர்பா போட்ட கணக்கு பலித்துவிட்டது. கூல்டுக்கு அதில் ஒரு பைசா வரவில்லை.

30 வருஷ வழக்கு

டவுன்ஸ் - ஷாலோ தரப்புக்கு எதிரான வழக்கில் கூல்ட் தோற்றார். ஆனாலும் விடவில்லை. டிஆர்ஜி கைமாறிய பிறகு, தன் காப்புரிமை உரிமைகளை வெறும் 1,000 டாலருக்கும், வருங்கால லாபத்தில் ஒரு சிறு பங்குக்கும் திரும்ப வாங்கினார். வழக்குச் செலவுக்காகப் பெரும்பங்கை முதலீட்டாளர்களுக்கு எழுதிக் கொடுத்தார். 1977-ல் முதல் முக்கியமான காப்புரிமை வந்தது. கம்பெனிகள் ராயல்டி தர மறுத்து கோர்ட்டுக்கு இழுத்தன. 1987-ல் வாயுவில் மின்சாரம் பாய்ச்சி இயங்கும் லேசர்களுக்கான காப்புரிமையும் கிடைத்தது. அதன் பிறகே கம்பெனிகள் வழிக்கு வந்தன.

இதில் ஒரு ட்விஸ்ட். அன்றைய சட்டப்படி, காப்புரிமை வழங்கிய நாளிலிருந்து 17 வருஷம் செல்லும். 1960-லேயே கிடைத்திருந்தால், லேசர் பெரிய பிசினஸ் ஆவதற்கு முன்பே காலாவதி ஆகியிருக்கும். தாமதமானதால், தொழிற்சாலை, மருத்துவமனை, சூப்பர் மார்க்கெட் பில்லிங் கவுன்ட்டர் என எல்லா இடத்திலும் லேசர் புகுந்த நேரத்தில் ராயல்டி கோடிக்கணக்கில் கொட்டியது. எழுதிக் கொடுத்தது போகவும் கூல்ட் பணக்காரர் ஆனார்.

2005 செப்டம்பர் 16 அன்று 85 வயதில் நியூயார்க்கில் இறந்தார். லேசரைக் கண்டுபிடித்தது யார் என்ற சண்டை இன்னும் முடியவில்லை. டவுன்ஸ், மைமன், கூல்ட் மூவருக்கும் ரசிகர்கள் உண்டு. அதற்குப் பெயர் வைத்தது யார் என்பதில் மட்டும் பெரிதாகச் சண்டை இல்லை. மிட்டாய்க் கடை முத்திரையோடு அது நோட்டில் இருக்கிறது.